மலையில் கிளாரினெட் வாங்குவது: ஆல்பர்ட்டா போமா, மரமா பிளாஸ்டிக்கா?

கிளாரினெட் கற்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "யமஹா வாங்கலாமா, பஃபே வாங்கலாமா?" என்பதுதான். சென்னையில் இருப்பவர் அப்படிக் கேட்டால் பதில் சொல்லிவிடலாம். ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருப்பவர் கேட்டால், யாரிடம் கற்கப் போகிறீர்கள், எந்த மாதிரி அறையில் வாசிக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். குருவைப் பொறுத்து, ஆல்பர்ட், போம் என்ற இரண்டு விரலமைப்புகளில் எது என்பது முடிவாகும். குளிரைப் பொறுத்துக் கருவியின் உடல் மரமா வேறா என்பது முடிவாகும். இவை இரண்டும் தெரிந்தபின் பிராண்ட் பட்டியலில் மிஞ்சுவது இரண்டோ மூன்றோதான். நான் தொழில்முறைக் கலைஞன் அல்லன். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவோடு வாசிக்கிறவன். என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விரல்கள். புல்லாங்குழலில் சற்று அழுத்தி ஊதினால் அதே விரலில் மேல் ஸ்தாயியின் அதே சுரம் வரும். கிளாரினெட் அப்படி இல்லை. ஒரு முனை அடைத்த நேர்க்குழாய்போல அது இயங்குவதால், ரிஜிஸ்டர் கீயை (மேல் பகுதிக்குத் தாவவைக்கும் உலோக நெம்பை) அழுத்தியதும் பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். மத்திய ஸ்தாயி ஸ என்று வாசித்த விரல், மேலே தார ஸ்தாயி ப என்று பேசும். கீழ்ப் பகுதிக்கு ஒரு விரலமைப்பு, மேல் பகுதிக்கு இன்னொன்று என்று இரண்டையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விழுகிற இடைவெளியை நிரப்பத்தான் இத்தனை கீகள். அந்தக் கீகளை எப்படி அடுக்குவது என்பதில்தான் ஐரோப்பியர்கள் நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டினார்கள்.

இவான் முல்லர் 1812இல் பதின்மூன்று கீ வைத்த கருவியைப் பாரிஸ் கன்சர்வேட்டரியில் காட்டினார். அங்கிருந்தவர்கள் வேண்டாம் என்று திருப்பியனுப்பினார்கள். ஆனால் ஊர் உலகம் அதை ஏற்றுக்கொண்டது. பிரஸ்ஸல்ஸில் யூஜீன் ஆல்பர்ட் அதைச் செம்மைப்படுத்திச் செய்த கருவிகளின் பெயரால், அந்த வழியில் வந்த எளிய அமைப்பு முழுவதையும் இன்று ஆல்பர்ட் என்கிறோம். இன்னொரு பக்கம், தியோபால்ட் போம் புல்லாங்குழலில் செய்திருந்த மாற்றங்களைப் பார்த்து, கிளாரினெட் ஆசிரியர் க்ளோசேயும் கருவி செய்பவரான லூயி அகஸ்ட் பஃபேயும் வளையக் கீகள் கொண்ட புதிய அமைப்பை 1839 முதல் உருவாக்கி 1844இல் காப்புரிமை பெற்றார்கள். பதினேழு கீ, ஆறு வளையம் கொண்ட அதுதான் போம் முறை. தன் பெயரில் வழங்கும் கிளாரினெட்டைப் போம் செய்யவில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வாசிக்கப்படும் ஓலர் முறை என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதை இங்கே பழுதுபார்ப்பவரும் இல்லை, கற்றுத்தருபவரும் இல்லை. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஒரு சுரத்தில் காட்டுகிறேன். இடது கை விரல்கள் எல்லாவற்றையும் மூடி, ரிஜிஸ்டர் கீயையும் அழுத்தி, வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் வையுங்கள். போம் கருவி எஃப் தரும். ஆல்பர்ட் கருவி எஃப் ஷார்ப் தரும். ஆல்பர்ட்டில் எஃப் வேண்டுமென்றால் ஆள்காட்டி விரலையும் மோதிர விரலையும் வைத்து நடுவிரலைத் தூக்க வேண்டும். புல்லாங்குழலோ நாகசுரமோ வாசித்த விரல்களுக்கு இந்தக் கவட்டை விரலமைப்பு புதிதல்ல, ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். தொல்லை சுண்டு விரலில்தான். போம் கருவியில் கீழ்ச் சுரங்கள் சிலவற்றுக்கு இரண்டு கைகளிலும் கீ உண்டு. ஒன்றை வலது கையிலும் அடுத்ததை இடது கையிலும் எடுத்து மாறி மாறி நடக்கலாம். ஆல்பர்ட்டில் அந்தச் சலுகை குறைவு. ஒரே சுண்டு விரல் ஒரு கீயிலிருந்து அடுத்த கீக்கு வழுக்கிச் செல்ல வேண்டும். அதற்காகவே சில கருவிகளில் உருளை பொருத்தியிருப்பார்கள். கீர்த்தனத்தில் இது பெரிதாக இடிக்காது. ஷார்ப்புகள் நான்கைந்து கொண்ட ஐரோப்பிய இசைத்தாளை முன்னால் வைத்தால் ஆல்பர்ட் கைக்காரர் வியர்த்துவிடுவார்.

இந்த மலையில் இரண்டு முறைகளும் இருக்கின்றன. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால் ராணுவ பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர்கள் குன்னூர், அருவங்காடு பக்கம் குடியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் கையில் இருப்பது போம். பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் அதுவே. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கும் பேண்டு செட்டுக்காரர்களிடம் நான் பார்த்தவரை பெரும்பாலும் ஆல்பர்ட். மீரட்டில் ஜலி கோட்டி பகுதியில் செய்த கருவிகள், தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வந்தவை. அவற்றை மட்டமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்கள் ஊதும் கொள் என்ற நாக்குக் குழலைக் கேட்டு வளர்ந்த மலை இது. திறந்த துளையை விரல் நுனியால் பாதி மூடிப் பாதி திறந்து சுரத்தை இழுக்கிற வித்தை இங்கே வெள்ளைக்காரன் வந்து கற்றுத்தந்ததல்ல.

கர்நாடக இசைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதிர் (இன்றைய பரதநாட்டியத்தின் முன்வடிவம்) கச்சேரியின் இசைக்குழுவான சின்ன மேளத்தில், முகவீணை என்ற சிறு ஊதுகுழல் இருந்த இடத்துக்குக் கிளாரினெட் வந்து சேர்ந்தது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தி, 2008இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அந்த வழியில் போக நினைப்பவருக்கு ஆல்பர்ட்டின் திறந்த துளைகள் உதவும். போம் கருவியில் விரலைத் தூக்கினால் அதோடு வளையமும் எழும்பும், வளையத்தோடு வேறெங்கோ ஒரு பேடும் (துளையை மூடும் சிறு மெத்தையும்) திறக்கும். கமகத்துக்காக விரலை மெல்ல உருட்டினால் சில இடங்களில் சுரம் இழையாமல் படியேறுவதுபோல் குதிப்பது அதனால்தான். போமில் இழுக்கவே முடியாது என்று சொல்வது மிகை. ஜாஸ்காரர்கள் உதட்டாலும் தொண்டையாலும் இழுத்துக் காட்டியிருக்கிறார்கள். முடியும், ஆனால் கூடுதல் உழைப்பு.

ஆகவே என் தீர்ப்பு இது. உங்கள் குரு ஆல்பர்ட் வாசிப்பவராக இருந்து, நீங்கள் கற்கப்போவதும் கர்நாடக இசையாகவோ பேண்டு வாசிப்பாகவோ இருந்தால், தயங்காமல் ஆல்பர்ட். வேறு எந்த நிலையிலும் போம். இணையத்தில் கிடைக்கும் விரலட்டவணையிலிருந்து லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் பயன்படுத்தும் பயிற்சி நூல்கள் வரை அநேகமாக எல்லாமே போம் கருவியை வைத்து எழுதப்பட்டவை. குரு இல்லாமல் தானாகக் கற்பவர் ஆல்பர்ட் வாங்கினால் அந்த நூல்களோடு தினமும் சண்டைதான். இரண்டையும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வாசிக்கலாமே என்பார்கள் சிலர். ஆரம்பத்தில் அது வேண்டாத வேலை.

ஆல்பர்ட் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய பங்களாக்களைக் காலி செய்யும்போதும், எஸ்டேட் சாமான்களை ஏலம் விடும்போதும் அழகான பழைய ஆங்கிலேயக் கிளாரினெட்டுகள் கிடைக்கும். அவற்றில் சில உயர்சுருதிக் கருவிகள். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920களின் பிற்பகுதி வரை ஏ சுரத்தை 452 ஹெர்ட்ஸுக்கு ஒட்டி வைத்து வாசித்தன. இன்றைய அளவு 440. ஏறக்குறைய அரை செமிடோன், அதாவது அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு நடுவில் பாதி தூரம், வித்தியாசம். பேரலை (மவுத்பீஸுக்கு அடுத்திருக்கும் குட்டிக் குழாயை) வெளியே இழுத்துச் சரிசெய்யலாம் என்று விற்பவர் சொல்வார். ஒரு சுரம் சரியாகும், மற்றவை ஒன்றோடொன்று பிணங்கும். கையில் சுருதி பார்க்கும் செயலி இருக்கும்போது ஏமாற வேண்டியதில்லை. கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு சுரமாக ஊதிப் பாருங்கள். எல்லாமே ஒரே அளவில் கூடிக்கிடந்தால் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், கீபோர்டோடு சேர்ந்து வாசிக்க முடியாது.

இனி உடல். நல்ல கிளாரினெட் என்றால் ஆப்பிரிக்கக் கருமரம்தான் என்பது பரவலான நம்பிக்கை. கூடலூர்ச் சரிவுகளில் வளரும் நம் ஈட்டி மரத்துக்கு அது ஒன்றுவிட்ட உறவு; இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கருமரம் கனமானது, எண்ணெய்ப் பசை உள்ளது, கடைந்தால் கண்ணாடிபோல் வரும். ஆனால் அதற்கு ஒரு பகை உண்டு. வெளியே குளிர்ந்திருக்கும் மரத்துக்குள் வெதுவெதுப்பான ஈர மூச்சைச் செலுத்தினால் உட்புறம் விரிய முயலும், வெளிப்புறம் இடம்கொடுக்காது, மரம் வெடிக்கும். பெரும்பாலும் மேல் பாகத்தில், துளைகளை ஒட்டி. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டியில் உறைபனி விழுகிறது. அப்படி ஒரு காலையில், ஆறு மணி ஆராதனைக்குப் புதுக் கருமரக் கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு போய் உடனே ஊதுவது கருவியைக் கொல்லும் வழி. மேட்டுப்பாளையத்து வெயிலில் காரின் பின்பெட்டியில் வெந்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் ஊட்டிக் குளிருக்குள் இறங்கும் கருவிக்கும் இதே கதிதான்.

பெட்டியில் ஈரப்பத உறை வைப்பது, கருவியைச் சற்று நேரம் கக்கத்தில் இடுக்கிச் சூடேற்றுவது, புதிதாயிருக்கும்போது நாளுக்குச் சில நிமிடங்கள் மட்டும் வாசிப்பது என்று மரத்தைக் காப்பாற்ற வழிகள் இருக்கின்றன. செய்பவர்களும் இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் வாசிக்க ஆசைப்படுகிற ஒருவருக்கு இந்தச் சேவகம் தேவையா என்பதுதான் கேள்வி. எனக்குத் தேவையில்லை. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் நன்றாகக் கடைந்த கருவியும் கருமரக் கருவியும் அடுத்த அறையில் ஒலித்தால், பிரித்துச் சொல்லும் காது எத்தனை பேருக்கு உண்டு? குழாயின் உள்ளளவும் துளைகளின் வெட்டும் ஒலியைத் தீர்மானிப்பதில் சுவர் எதனாலானது என்பதைவிட முந்தி நிற்கின்றன. பணம் தடையில்லை, மரத்தின் ஒலிதான் வேண்டும் என்பவர்களுக்கு பஃபேயின் கிரீன்லைன் இருக்கிறது. கருமரத் தூளையும் கார்பன் இழையையும் பிசினில் பிணைத்துச் செய்தது, குளிருக்கு வெடிக்காது. ஆனால் கீழே போட்டால் இணைப்பு ஒடியக்கூடும். எபொனைட் என்ற கடின ரப்பரில் செய்த பழைய கருவிகளும் குளிரைத் தாங்கும். வெயில் பட்டுப் பச்சையும் பழுப்புமாய் நிறம் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், வாசிப்புக்குக் கேடில்லை.

மரமோ பிளாஸ்டிக்கோ, குளிரில் சுருதி இறங்குவதை எதனாலும் தடுக்க முடியாது. மலை உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சுருதி மாறுகிறது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அது காரணமில்லை. காற்றில் ஒலியின் வேகம் அழுத்தத்தைப் பொறுத்து மாறாது, வெப்பநிலையைப் பொறுத்தே மாறும். வெப்பம் ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் அந்த வேகம் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும், குழல் தணிந்து ஒலிக்கும். பாடகர் குழுவின் மின் கீபோர்டு குளிரிலும் 440லேயே நிற்கும். நீங்கள் கீழே கிடப்பீர்கள். இதற்கு மலிவான மருந்து ஒரு குட்டைப் பேரல். பொதுவாக 65, 66 மில்லிமீட்டரில் வரும் பேரலுக்குப் பதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்ததை வாங்கிக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதனால் கருவி வாங்கும்போதே தனிப் பேரல் எளிதில் கிடைக்கும் பிராண்டைப் பார்ப்பது புத்திசாலித்தனம். பெயர் தெரியாத கருவிக்கு எந்தப் பேரல் பொருந்தும் என்று யாருக்கும் தெரியாது.

மழை தனித் தொல்லை. ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் பெட்டியின் வெல்வெட்டில் பூஞ்சை பிடிக்கும், ரீடில் (மவுத்பீஸில் கட்டும், அதிர்ந்து ஒலி எழுப்பும் நாணல் தகட்டில்) கருப்புப் புள்ளி விழும், பேடுகள் ஊறி உப்பும். வாசித்து முடித்ததும் உள்ளே துணியை இழுத்துத் துடைத்து, ரீடைக் கழற்றித் தனியே காயவைப்பது ஒன்றுதான் வழி.

சரி, பிராண்ட். போம் முறை, பிளாஸ்டிக் உடல் என்று முடிவான பிறகு என் முதல் தேர்வு யமஹா ஒய்சிஎல் 255. அதற்கு முந்தைய 250 பழையதாகக் கிடைத்தாலும் எடுக்கலாம். ஒன்றை வாசித்துவிட்டு இன்னொன்றை எடுத்தால் வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஒரே சீராகச் செய்கிறார்கள். நேரில் பத்துக் கருவிகளை ஊதிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வழியில்லாத மலைவாசிகளுக்கு இந்தச் சீர்மை பெரிய வரம். ஒலியில் வசீகரம் குறைவு என்பார்கள். உண்மைதான். ஆனால் சுருதி நேர்மையாக இருக்கும், கீ வளையாது, உதிரி கிடைக்கும்.

பஃபே கிராம்போன் 1825இல் பாரிஸில் தொடங்கிய நிறுவனம். உலக இசைக்குழுக்களில் பாதிக்கு மேல் அவர்கள் கருவியோ என்று தோன்றும் அளவுக்குப் புகழ். அந்தப் புகழ் 1950களில் வந்த ஆர்13 போன்ற கருமரக் கருவிகளால் வந்தது. அவற்றின் விலை யமஹா 255ஐப் போல நான்கைந்து மடங்கு. மாணவர்களுக்கான அவர்களது பிளாஸ்டிக் கருவிகளான பழைய பி12, இப்போதைய ப்ரோடிஜ் ஆகியவை நல்லவைதான். ஒலி யமஹாவைவிடச் சற்றுக் கனிவாக இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரே விலையில் இரண்டும் கண்ணெதிரே இருந்தால் ஊதிப் பார்த்து மனத்துக்குப் பிடித்ததை எடுங்கள். பெயருக்காக மட்டும் கூடக் கொடுக்காதீர்கள். தைவானின் ஜூபிடர் மூன்றாவது. கொஞ்சம் விலை குறைவு, உறுதியானது, இரண்டாம் கையாக விற்கும்போது அவ்வளவு தொகை திரும்பாது.

யமஹாவிலேயே கருமரத்தில் 450 உண்டு. விலை ஏறக்குறைய இரு மடங்கு. கோயம்புத்தூரில் வசித்தால் அதைச் சொல்லியிருப்பேன்.

பூசி அண்ட் ஹாக்ஸ் என்ற லண்டன் பெயர் பொறித்த ரீஜென்ட், எட்ஜ்வேர் கருவிகள் மலையில் அவ்வப்போது கைமாறுகின்றன. நல்ல நிலையில் இருந்தால் மலிவு விலைக்குச் சிறந்த வரவு. அதே நிறுவனத்தின் 1010 மட்டும் வேறு சாதி. உட்குழாய் அகலமானது, அதற்கென்றே செய்த மவுத்பீஸ் இல்லாமல் சுருதி கலைந்துவிடும். இணையச் சந்தையில் படம் மட்டும் காட்டி விற்கும் பெயரற்ற கருவிகளைத் தொடவே வேண்டாம். கீகளுக்கு மெத்தென்ற உலோகத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு முறை வளைந்தால் நிமிர்த்தும்போது முறியும், பழுதுபார்ப்பவர் கையை விரிப்பார். அதைவிட மீரட் ஆல்பர்ட் எவ்வளவோ மேல். குறைந்தபட்சம் அதைத் தட்டி நிமிர்த்தத் தெரிந்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

சிறு பிள்ளைகளுக்கு நுவோ கிளாரினியோ என்ற இலேசான பிளாஸ்டிக் கருவி உண்டு. சி சுருதியில் இருப்பதால் பாட்டுப் புத்தகத்தை அப்படியே பார்த்து வாசிக்கலாம், தண்ணீர் பட்டாலும் கவலையில்லை. விரல்கள் துளையை முழுதாக மூடும் அளவு வளராத எட்டு வயதுக் குழந்தைக்கு வாங்கலாம். பெரியவர்களுக்கு வேண்டாம்.

மவுத்பீஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கருவியின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும் நல்ல மவுத்பீஸ், பிளாஸ்டிக் கருவியின் ஒலியை அடையாளம் தெரியாமல் மாற்றும். யமஹாவோடு வரும் 4சி தொடக்கத்துக்குப் போதும். ஓராண்டு கழித்து வாண்டோரனின் எம்13 அல்லது 5ஆர்வி லைரைப் பாருங்கள். எல்லோரும் சொல்கிறார்களே என்று முதலிலேயே பி45 வாங்குகிறவர்கள், 1.195 மில்லிமீட்டர் வாய்த்திறப்பை அடக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். ரீடின் கடினத்தைக் குறிக்கும் எண் இரண்டில் தொடங்கி இரண்டரைக்குப் போகலாம். குளிரிலும் மழையிலும் நாணல் ரீட் நாளுக்கொரு குணம் காட்டும். லெஜேர் செயற்கை ரீட் ஒன்றின் விலையில் ஒரு பெட்டி நாணல் ரீட் வாங்கிவிடலாம். இருந்தும் மலையில் செயற்கை ரீடுக்குத்தான் என் ஓட்டு. ஈரம் பார்க்காமல் எடுத்த உடனே பேசும்.

பழைய கருவி எதை வாங்கினாலும் மேல் பாகத்தைத் தனியே கழற்றி, கீழ் முனையை உள்ளங்கையால் அடைத்து, துளைகளை விரல்களால் மூடி, மேல் முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். வாயை எடுக்கும்போது "பொட்" என்று சத்தம் கேட்டால் பேடுகள் நன்றாக அமர்கின்றன. கேட்காவிட்டால் பேடு மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். இரண்டு பாகங்களையும் இணைக்கும் பாலக் கீ நேராகச் சந்திக்கிறதா என்றும் பாருங்கள். அவசரமாகத் திருகி மாட்டுபவர்கள் முதலில் வளைப்பது அதைத்தான். மலையில் கிளாரினெட்டுக்கென்று பழுதுபார்ப்பவர் யாரும் எனக்குத் தெரியவில்லை. பேண்டு செட்டுக்காரர்கள் அவசரத்துக்குக் கை கொடுப்பார்கள், மற்றபடி கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும். கார்க் கிரீஸ், சிறு திருகாணி முடுக்கி, தளர்ந்த கீயைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்த இரண்டு ரப்பர் பட்டை ஆகியவை பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் மலைப்பாதை வாகன நெரிசலில் ஸ்தம்பித்திருக்கும்போது ஒரு ஸ்பிரிங்குக்காகக் கீழே போக முடியாது.